சின்ன காரில் படகு டிரெய்லர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எல்லாருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை. காரின் மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இழுவை எடை என்று எதுவும் அதில் இல்லையென்றாலோ, டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று போட்டிருந்தாலோ, கீழே உள்ள எந்தப் பதிலும் உங்கள் காருக்குப் பொருந்தாது.

கேள்வி: சார், படகு 250 கிலோ என்கிறார் விற்றவர். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு என் காரின் வரம்பு 450 கிலோ. தாராளமாகப் போதும்தானே?

பதில்: அந்த 250 வெறும் படகுக்கூட்டின் எடையாகத்தான் இருக்கும். கூட்டிப் பாருங்கள். டிரெய்லர் 140 என்று வையுங்கள். 10 குதிரைசக்தி நாலு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறத்தாழ 40. 25 லிட்டர் பெட்ரோல் டாங்கியோடு 20க்கு மேல். பேட்டரி ஒரு 20. நங்கூரம், சங்கிலி, கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்ந்து 30. 500ஐத் தொட்டுவிட்டது, பார்த்தீர்களா? படகின் அடியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ வேறு. படகின் வடிகால் துளையை அடைக்கும் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் ரோட்டில் இழுக்க வேண்டும். தண்ணீரில் இறக்கும் முன் மறக்காமல் மாட்டவும் வேண்டும்.

எல்லாச் சாமானையும் ஏற்றி, டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். டிரெய்லரைக் காரோடு இணைக்கும் ஹிட்ச் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் மேனுவலில் ஒரு வரம்பு உண்டு. நாலு பேர் ஏறினாலே அது நிறைந்துவிடுகிற கார்கள் இருக்கின்றன.

கேள்வி: என் காரில் டர்போ இன்ஜின் அண்ணா. இழுவைக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு கணக்கு?

பதில்: இழுக்கும் தம்பி, நிற்குமா? டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அதன் எடையையும் உங்கள் காரின் பிரேக்தான் பிடித்து நிறுத்த வேண்டும். 1000 கிலோ காருக்குப் பின்னால் 400 கிலோ தொங்கினால், அதே வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டிய சூடு 40 சதவீதம் கூடும். பிரேக் ஆயில் நாளாக நாளாக ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே போகாமல், இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள்.

கேள்வி: தெரிந்த வெல்டர் ஒருவர் பின்பம்பருக்குள் இருக்கும் இரும்பிலேயே, டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டை, அதாவது பாலை (ball), பற்றவைத்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த இரும்பு மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வைத்தது. நாள் முழுக்க முன்னும் பின்னும் இழுபட வைத்ததல்ல. உங்கள் மாடலுக்கென்றே வரும் டோ பார், அதாவது பாலைத் தாங்கும் இழுவைச் சட்டம், சேஸிஸில் கம்பெனி விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போட்டு மாட்டுவது. போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். முதல் பயணம் முடிந்ததும் மறுபடி சரிபாருங்கள்.

பாலின் அளவிலும் கவனம். 50 மில்லிமீட்டர் பாலும் ஒன்றேமுக்கால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிய 47.6 மில்லிமீட்டர் பாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். 50க்கான கப்ளர் (பாலின் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லர் முனை) சின்னப் பாலின் மேலும் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும், ஒரு நல்ல பள்ளம் வரும்வரை. அளவு பாலின் மேலேயே பொறித்திருக்கும், படியுங்கள். பூட்டியதும் டிரெய்லரின் முன்சக்கர ஜாக்கியைச் சுற்றித் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழ வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கப்ளர் கழன்றாலும் ரோட்டில் இடிக்காமல் சங்கிலி தாங்கும்.

கேள்வி: 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் டிரெய்லர் வாலை ஆட்டுகிறது. காரையும் சேர்த்து ஆட்டுகிறது. ஸ்பீடைக் கூட்டினால் நேராகிவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், அதன் ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகம் இறங்க இறங்க அடங்கும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மூக்கில், அதாவது டிரெய்லரின் முன்முனை பாலை அழுத்தும் இடத்தில், எடை போதவில்லை. மோட்டார், டாங்கி, பேட்டரி எல்லாம் படகின் பின்பக்கம் இருக்கும். டிரெய்லர் பின்பாரம் ஆகிவிடும். சரிபார்க்க, சமதளத்தில் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். குளியலறை எடை மெஷின் ஒன்றைக் கப்ளருக்கு அடியில் வைத்து, நடுவில் மரத்துண்டு நிறுத்தி, காரில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் உட்கார வையுங்கள். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் காட்ட வேண்டும். 450 கிலோவுக்கு 23லிருந்து 45. காரும் டோ பாரும் தாங்கும் மூக்கு எடைக்கு ஒரு வரம்பு உண்டு; சின்ன கார்களில் அது 50 கிலோவாகவே இருக்கலாம். எது குறைவோ அதுதான் கணக்கு.

அதிகமானாலும் தொல்லை. பால் பின் அச்சிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி, அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் என்றால், பாலில் வைக்கும் 50 கிலோ பின் அச்சில் 68 ஆகிறது, முன் அச்சிலிருந்து 18 கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

குறைவாக இருந்தால் முதலில் நங்கூரம், பேட்டரி போன்றவற்றை முன்னுக்கு நகர்த்துங்கள். போதாவிட்டால் டிரெய்லரின் அச்சைப் பின்னுக்குத் தள்ளலாம். படகையே முன்னால் இழுத்துவைத்தால் மோட்டார் தொங்கும் பின்பலகைக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகும், கூடு வளையும்.

கேள்வி: இடது இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரின் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பல்பு எல்லாம் புதுசு.

பதில்: எர்த் சரியில்லை. கரண்டு திரும்பிப் போக வழியில்லாமல் அடுத்த பல்பு வழியாகச் சுற்றுகிறது. பாலும் கப்ளரும் தொடுவதை எர்த்தாக நம்பாதீர்கள். கிரீஸும் துருவும் அதைக் கெடுத்துவிடும். பிளக்கிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுங்கள். புது கார் என்றால் டெயில் லைட் ஒயரை வெட்டி ஒட்டாமல், அந்தக் காருக்கான டிரெய்லர் மாட்யூலை (டிரெய்லர் விளக்குகளுக்குக் கரண்டு கொடுக்கும் தனிப் பெட்டி) போடுங்கள்.

கேள்வி: என் கார் ஆட்டோமேட்டிக், அதிலும் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத வகை). டிரெய்லர் இழுக்கப் பரவாயில்லையா?

பதில்: காரின் மேனுவல் புத்தகம் அனுமதித்தால் மட்டும். அனுமதித்தாலும் கியர்பாக்ஸ் ஆயிலை அதில் சொன்ன நாளுக்கு முன்பே மாற்றுங்கள்.

கேள்வி: முன்சக்கரத்தில் இழுக்கும் கார். படகை ஏற்றிக்கொண்டு சாய்தளத்தில் மேலே வர முடியவில்லை. முன்டயர் சுற்றுகிறது, கிளட்ச் வாடை வருகிறது.

பதில்: ஏற்றத்தில் எடை பின்னால் போகும், மூக்கு எடை அதைக் கூட்டும், கீழே பாசி வேறு. முன்டயர் எதைப் பிடிக்கும்? டிரெய்லருக்கும் காருக்கும் நடுவே தடித்த கயிறு கட்டி, கார் காய்ந்த சமதரையில் நின்று இழுக்கும்படி செய்யுங்கள். முன்சக்கர ஜாக்கி இறங்கியிருக்கட்டும்; கயிற்றின் நேரிலும் டிரெய்லருக்குப் பின்னாலும் யாரும் நிற்க வேண்டாம். ஏற்றத்தில் காரைக் கிளட்சில் பிடித்து நிறுத்தாதீர்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

கேள்வி: டிரெய்லர் பேரிங் அடிக்கடி போகிறது. கிரீஸ் வைக்கத்தான் செய்கிறேன்.

பதில்: வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்குகிறீர்களா? சூடான ஹப் (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கையை வைத்தால் சூடு தெரியாத வரை காத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் விளக்கு பிளக்கைக் கழற்றிவிடுங்கள். எரியும் பல்பு தண்ணீர் பட்டால் வெடிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே மேலே கிரீஸ் திணிக்காமல் பிரித்துச் சுத்தம் செய்து, சீலையும் மாற்றுங்கள்.

டிரெய்லருக்குத் தனி ஸ்டெப்னி வேண்டும். காரின் ஜாக்கி டிரெய்லருக்கு அடியில் நுழைகிறதா, வீல் ஸ்பேனர் அதன் நட்டுக்குச் சேர்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.