குளியலறைக்குள் வந்த நல்ல பாம்பு

அன்புள்ள ஐயா,

மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வயலோரமாக வீடு கட்டிப் போன வருடம் குடிவந்தோம். சென்ற வாரம் பொழுது சாய்ந்த நேரத்தில் குளியலறையில் நல்ல பாம்பு ஒன்று படமெடுத்து நின்றது. அக்கம்பக்கத்தார் தடியோடு வருவதற்குள் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டைச் சுற்றிப் பூண்டும் கந்தகமும் இடித்துப் போடுகிறோம். கார்பாலிக் அமிலம் ஊற்றச் சொல்கிறார்கள். சிறியாநங்கைச் செடியும் வைத்தாயிற்று. ஜோடிப் பாம்பு தேடி வரும் என்று அம்மா பயப்படுகிறார். ஐந்து வயதில் எங்களுக்கு ஒரு பையன். எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறோம். என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது நல்ல பாம்பு அல்ல, அந்தப் பாய். நல்ல பாம்பு சீறும், படமெடுக்கும், விலகிப்போக உங்களுக்கு அவகாசம் தரும். கட்டுவிரியன் அப்படி எதுவும் செய்யாது. பகலெல்லாம் எலி வளையிலோ செங்கல் இடுக்கிலோ கிடந்துவிட்டு, ராத்திரி இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டு கை அதன்மேல் பட்டால் கடித்துவிடும். பல் மிகச் சிறியது. பெரும்பாலும் வீக்கம் இருக்காது, வலி இருக்காது, கடிவாயே கண்ணுக்குத் தெரியாமல் போவதும் உண்டு. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தானாகச் சரிவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது என்று வரிசையாக வரும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பொன்னான நேரம் போய்விடும்.

ஆகவே முதல் செலவு கட்டிலும் கொசுவலையும். வலையின் ஓரத்தை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். சும்மா தொங்கவிட்டால் பிரயோஜனமில்லை. போர்வை நுனி தரையைத் தொடக்கூடாது. கட்டில் எல்லோருக்கும் இப்போது முடியாது என்றால், பையனுக்கு முதலில் வாங்குங்கள். மற்றவர்கள் பாய்க்கு மேலேயே வலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் மடித்துவிட்டுப் படுக்கலாம். நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் செய்த ஆய்வில் வலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று தெரியவந்தது. கொசுவும் கடிக்காது.

அடுத்தது அந்த ஓட்டை. குளியலறைக் குழாயின் மறுமுனை தோட்டத்தில், வாழை மரத்தடியில் திறந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். ஈரம் இருக்கும் இடத்தில் தவளை இருக்கும், தவளை இருந்தால் பாம்பு வரும். குழாயின் வெளிமுனையில் 5 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலை போடுங்கள். இரும்பு வலை சோப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும், எவர்சில்வர் வலைதான் நிற்கும். பலர் வலையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். முடியும் அழுக்கும் சேர்ந்து அடைத்ததும் கம்பியால் குத்திக் கிழித்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். கழற்றிக் கழுவி மாட்டுகிற மாதிரி குழாய் மூடியில் பொருத்தச் சொல்லுங்கள். குளியலறைக்குள் ஓட்டையை மூடும் ஜாலித் தட்டு ஆடாமல் இருக்க வேண்டும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்கும் இதே வலைதான்.

கதவுக்கு அடியில் ஒரு பென்சில் நுழைந்தால் பாம்புக் குட்டியும் நுழையும். பின்கட்டுக் கதவைத்தான் முதலில் பாருங்கள். தண்ணீர் வெளியே ஓட வேண்டுமென்று அங்கே தரையைச் சரிவாகப் போட்டிருப்பார்கள், இடைவெளி அதிகம். ரப்பர் பட்டை அடித்தால் போதும்.

வீடு முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மிச்சச் செங்கல், ஜல்லி, சென்ட்ரிங் பலகை எல்லாம் இன்னும் சுவரோரம் கிடக்குமே? பாம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பட்டப்பகலில், காலில் ஷூ போட்டுக்கொண்டு, நீளக் கழியால் புரட்டிய பிறகே கை வையுங்கள். விறகையும் தென்னை மட்டையையும் ஓரடி உயர மேடையில், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். சுற்றுச்சுவரை ஒட்டி மூன்றடிக்குப் புல் இல்லாமல் வைத்திருந்தால் எது வந்தாலும் கண்ணில் படும். அரிசி, தவிடு மூடிய டிரம்மில் இருக்கட்டும். நாய்க்கு வைத்த சோறு ராத்திரி முழுக்க வெளியில் கிடந்தால் எலி வரும்; பின்னாலேயே பாம்பும் வரும்.

பூண்டு, கந்தகம், உப்பு எதுவும் பாம்பை நிறுத்தாது. கார்பாலிக் அமிலம் தோலைப் பொசுக்கும். சின்னப் பையன் ஓடி விளையாடும் வாசலில் அதை ஊற்றவே ஊற்றாதீர்கள். சிறியாநங்கை கஷாயத்துக்கு ஆகும், காவலுக்கு ஆகாது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பாம்பு பழிவாங்காது. அதே இடத்தில் இன்னொன்று வந்தால், அதே எலிக்காக வந்திருக்கிறது. நல்ல பாம்பும் சாரையும் பிணைவதாகச் சொல்வதும் இப்படித்தான். பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் பலப்பரீட்சை அது. தடி வருவதற்குள் பாம்பு தப்பியதும் ஒருவகையில் நல்லது: அடிக்கப் போகும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பை அடிப்பது குற்றமும்கூட.

மறுபடி உள்ளே வந்தால் குழந்தையையும் நாயையும் முதலில் வெளியேற்றுங்கள். பெரியவர் ஒருவர் எட்டடி தள்ளி நின்று, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வையிலிருந்து தவறிய பாம்பைத் தேடுவது பெரும்பாடு. மற்ற அறைகளின் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணியுங்கள். மண்ணெண்ணெய், பினாயில் தெளித்தால் பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். 101-க்குப் போன் செய்தால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசை உடனே கழற்றுங்கள். வீங்கினால் அவையே இறுக்கிவிடும். எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோலக் குச்சி வைத்துக் கை காலை அசையாமல் வையுங்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை உங்கள் மாவட்டத்திலேயே, வடநெம்மேலியில், 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறைந்துவிட்டால் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பை, ரத்தத்தை அல்ல. அந்தச் சோதனையில் அது தெரியாது. 24 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். இமை சரிந்து மூச்சு தளர்ந்துவிட்டால் மருந்து மட்டும் போதாது, செயற்கைச் சுவாசமும் வேண்டும். உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கிறதா, இல்லையென்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்களா என்று இந்த வாரமே நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.