அடிபட்டவரே மன்னித்துவிட்டார், பிறகு ஏன் வழக்கு?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. காப்பிக்கடையில் குடித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரை அடித்துவிட்டான். அவருக்கு உதடு கிழிந்து நான்கு தையல். தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் குடும்பத்தோடு போய் அந்த அண்ணனைப் பார்த்தோம். “போகட்டும்மா, சின்னப் பையன், நான் மன்னிச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டார். கோயிலிலிருந்து தம்பிக்கு நற்சான்றுக் கடிதம் வாங்கி வைத்திருக்கிறோம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், கூட்டிக்கொண்டு போய் வருவது அவன்தான். இதையெல்லாம் நீதிபதியிடம் சொன்னால் ஜெயிலுக்குப் போகாமல் தப்பிக்க முடியுமா?
- யீஷூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி அந்த அண்ணன் வீட்டுக்குப் போகாதீர்கள். நீங்கள் பழத்தட்டோடு மன்னிப்புக் கேட்கத்தான் போனீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் இந்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி. சாட்சியைக் கலைக்கப் போனார்கள் என்று யாராவது சொன்னால் அது தனிக் குற்றம். ஜாமீன் நிபந்தனைகளிலும் சாட்சிகளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். அவரிடம் பேச வேண்டியது இனி வக்கீலின் வேலை.

அவர் மன்னித்தது வீணாகவும் வேண்டாம். 323ஆம் பிரிவு, அதாவது வேண்டுமென்றே காயம் விளைவிப்பது, சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களில் ஒன்று. ‘காம்பவுண்ட்’ பண்ணுவது என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அடிபட்டவர் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது, வழக்குப் போட்ட பிறகு அரசுத் தரப்பின் சம்மதமும் வேண்டும். அதற்காக உங்கள் வக்கீல் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு முறையீட்டுக் கடிதம் எழுதுவார். தம்பிக்கு இது முதல் குற்றம், மருத்துவச் செலவைக் கொடுக்கத் தயார், அடிபட்டவர் கட்டாயம் ஏதுமில்லாமல் சம்மதிக்கிறார் என்று அதில் இருக்கும். ஒப்புக்கொண்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. மறுக்கவும் செய்யலாம். பொது இடத்தில் குடிபோதையில் அடித்தது என்பதால் மறுக்க வாய்ப்பு உண்டு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆனாலும் முயற்சி செய்ய வேண்டிய கதவு இதுதான். கோயில் கடிதமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்தக் கதவு திறக்கவில்லை என்றால், அண்ணனின் மன்னிப்பை நீதிபதியிடம் சொன்னால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. பாதிக்கப்பட்டவர் மன்னித்தார் என்பதற்காகத் தண்டனை குறையாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விதிவிலக்கு இரண்டுதான். கடுமையான தண்டனையே பாதிக்கப்பட்டவரின் வேதனையைக் கூட்டும் என்றால் ஒன்று. அவர் மன்னித்திருப்பதே அவருடைய மனக்காயம் வழக்கமாக இருப்பதைவிட மிகக் குறைவு என்று காட்டினால் இன்னொன்று.

இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். அடி வாங்கினவனே விட்டுவிட்டான், அரசாங்கத்துக்கு என்ன வந்தது என்பார்கள். எனக்கும் முன்பு அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் இப்படி நினைத்துப் பாருங்கள். அடித்தது அதே அடி. பக்கத்து மேசையில் இருந்தவர் இளகிய மனசுக்காரர் என்றால் அபராதம், முன்கோபி என்றால் ஜெயில் என்றாகிவிட்டால் அது என்ன நியாயம்? அதைவிட மோசம், மன்னிக்க மாட்டேன் என்கிறவர் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். முதலாளி அடித்துவிட்டு, வேலை பறிபோகும் என்று பயந்த தொழிலாளியிடம் ‘மன்னிப்பு’ எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் அதை என்ன செய்வது?

சரி, கோயில் கடிதம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் இப்படி ஒரு கடிதத்தைப் பார்த்தேன். நல்ல தடித்த தாள், மேலே கோபுரப் படம், கீழே சிவப்பு முத்திரை. “பக்திமான், ஒழுக்கசீலர், மது அருந்தும் பழக்கம் அறவே இல்லாதவர்.” வழக்கின் உண்மை விவர அறிக்கையிலோ இரண்டாவது பத்தியிலேயே பீர் போத்தல்களின் கணக்கு இருந்தது. நீதிபதி இரண்டையும் படித்தார், ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பி வைத்தார். அந்தக் கடிதம் இல்லாமலே இருந்திருக்கலாம்.

உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். எழுதியவருக்குத் தம்பிமேல் என்ன வழக்கு என்று தெரியுமா? தெரியாமல் எழுதியிருந்தால் அதற்கு மதிப்பில்லை. தெரிந்தும், ‘இந்தப் பையன் இரண்டு ஆண்டாக வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் பாத்திரம் கழுவுகிறான், நடந்ததை என்னிடம் மறைக்காமல் சொன்னான்’ என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் நீதிபதி அதைப் படிப்பார். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் நீதிபதிக்குக் கடிதம் கேட்கவும் வேண்டாம். நீதிமன்றம் அப்படிப்பட்ட சிபாரிசில் நடக்கிற இடமில்லை.

காவடியை நான் குறைவாகச் சொல்லவில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பது அவனுக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ள விஷயம், அது அப்படியே இருக்கட்டும். வேண்டுதலுக்குத் தள்ளுபடி கொடுத்தால், சாமி கும்பிடாத பையனுக்கு அதே குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை கொடுத்ததாக ஆகிவிடும். ஆனால் விரதம் என்று குடியை விட்டிருந்தால், அது நீதிமன்றம் பார்க்கக்கூடிய விஷயம். மனநலக் கழகத்தில் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சையும் ஆலோசனையும் உண்டு. இப்போதே போய்ச் சேரட்டும். ‘போதையில் செய்துவிட்டான்’ என்று மட்டும் சொல்லி இரக்கம் கேட்காதீர்கள், அது பெரும்பாலும் எதிராகத்தான் போகும்.

அம்மா விஷயம் கஷ்டமானது. குடும்பம் படும் சிரமத்தைத் தண்டனை குறைக்கக் காரணமாக நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை, மிக அரிதான சூழ்நிலையில் மட்டுமே. நீதிமன்றக் கருணை என்று சட்டத்தில் ஒன்று உண்டு. 2016இல் உயர் நீதிமன்றம் அதை விளக்கியிருக்கிறது. ஆனால் அது குற்றவாளிக்கே உயிர்போகும் நோய் இருந்தாலோ, சிறைக்குப் போனால் அவர் உயிருக்கே ஆபத்து என்றாலோதான், தாய்க்கு நோய் என்பதற்காக இல்லை. நீங்கள் கேட்கக்கூடியது வேறு. சிறைத் தண்டனை என்று வந்தால், அம்மாவுக்கு மாற்று ஏற்பாடு செய்யும்வரை தொடங்கும் தேதியைச் சில வாரங்கள் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். இதை நீதிபதிகள் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்வதா இல்லையா என்று சீக்கிரம் முடிவெடுங்கள். 2023 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கும் வழிகாட்டியின்படி ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் 30 விழுக்காடு வரை தண்டனை குறையலாம், தள்ளிப்போடப் போட 20, 10, 5 என்று இறங்கும். ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டு, ‘அவர்தான் முதலில் கை வைத்தார், தம்பி தற்காத்துக்கொண்டான்’ என்று தண்டனையைக் குறைக்கக் கேட்கும் கருணைக் கடிதத்தில் எழுதினீர்களோ, நீதிபதி ஒப்புதலையே நிராகரித்துவிடுவார். உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்றால் தள்ளுபடிக்காக ஒப்புக்கொள்ளவே வேண்டாம், விசாரணைக்குப் போகட்டும். (சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே சூடம் கிடையாது, இந்துக்கள் உறுதிமொழி சொன்னால் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருப்பார்.)

323இல் உச்சபட்சம் 3 ஆண்டுச் சிறை, 5,000 வெள்ளி அபராதம், அல்லது இரண்டும். தம்பியின் வழக்கு அந்த உச்சத்தை நெருங்காது. அபராதம், சமூக சேவை உத்தரவு, குறுகிய சிறை என்று எதுவும் வரலாம். சிறைக்குப் பதிலான நன்னடத்தைக் கண்காணிப்பு 21 வயதைத் தாண்டியவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. திருந்தும் மனம் மிக வலுவாக இருப்பதைக் காட்ட வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால், குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருந்து வருமானச் சோதனையில் தேறினால், 2022இல் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் உதவும். குற்றச்சாட்டுத் தாள், ஜாமீன் பத்திரம், சம்பளச் சீட்டு, அம்மாவின் டயாலிசிஸ் அட்டவணை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவச் செலவுக்கான பணத்தை அந்த அண்ணனிடம் நேரில் நீட்டாமல், வக்கீல் வழியாகவே கொடுக்க முன்வாருங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னாலும், கொடுக்க முன்வந்தது எழுத்தில் இருக்கட்டும்.