ஜன்னலோரம் உட்கார வைத்தால் போதுமா?

வீட்டிலேயே கிரெச் நடத்தும் வாசகிகள் பகல் வெளிச்சம் பற்றி அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீட்டு ஹாலில் ஒன்றரை வயது முதல் நாலு வயது வரை ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் மாடி. மேற்கே ஒரே ஜன்னல், கிழக்கே சின்ன பால்கனி. வெயில் அடிக்கிறதே என்று ஸ்க்ரீனை இழுத்துவிட்டு நாள் முழுக்க டியூப்லைட்டில் இருக்கிறோம். குழந்தைகளின் கண்ணுக்குக் கெடுதலா?
— வாசகி, மடிப்பாக்கம், சென்னை

டியூப்லைட் கண்ணைக் கெடுத்துவிடாது. ஆனால் காலையில் வந்ததிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை குழந்தை அதை மட்டுமே பார்க்கிறது என்றால், அது பெரிய குறைதான். ஒரு டியூப்லைட் எரியும் ஹாலில் தரையில் கிடைக்கும் வெளிச்சம் பெரும்பாலும் 100 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). திறந்த ஜன்னலை ஒட்டி 1,000 லக்ஸைத் தாண்டும். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் இருக்கும்; நேர் வெயில் ஒரு லட்சத்தை நெருங்கும். கண் சட்டென்று பழகிவிடுவதால் இந்த வித்தியாசம் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை.

முதலில் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். சென்சார் திரைக்கு மேலே, காதில் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதை விரல் மறைக்கக்கூடாது. விளக்குகளை அணைத்துவிட்டு, உட்கார்ந்த குழந்தையின் கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடியில், திரை மேலே பார்க்கும்படி பிடியுங்கள். காலை 10, மதியம் 1, மாலை 4 என்று மூன்று வேளை அளந்தால் ஹாலின் எந்த மூலை எப்போது இருட்டு என்று தெரிந்துவிடும். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. இடத்துக்கு இடம் ஒப்பிட அது போதும். 300-க்குக் கீழே காட்டும் இடத்தில் படப்புத்தகமும் கோர்க்கிற மணியும் வேண்டாம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்கிறது. 12-க்கு 15 அடி ஹால் என்றால் 180 சதுர அடி. 30 சதுர அடி ஜன்னல் தேவை. உங்கள் ஜன்னல் 4-க்கு 4 என்றால் 16 சதுர அடிதான், ஏறத்தாழ பாதி. அந்தக் கணக்கில் கதவைச் சேர்ப்பதில்லை என்றாலும் வெளிச்சத்துக்கு உங்கள் பால்கனிக் கதவு பெரிய துணை. குழந்தை ஏற முடியாத தடுப்புக் கேட் ஒன்றைப் போட்டுக் கதவைத் திறந்தே வையுங்கள்.

கதவு, ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடியோ, அதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு தூரம் வரைதான் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். 7 அடி என்றால் பத்தடி, பத்தரை அடி. அதற்கப்பால் பாய் விரிக்காதீர்கள். காலையில் பால்கனிப் பக்கம், மதியத்துக்கு மேல் ஜன்னல் பக்கம் என்று பாயை நகர்த்துவதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஜன்னலில் வெளிச்சத்தைத் தின்பவை மூன்று. ஒன்று, தூசி அடைத்த கொசுவலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். இரண்டாவது, ஜன்னலின் மேல் பாதியை மறைக்கும் ஸ்க்ரீன். அறையின் உள்பக்கம் வரை வெளிச்சத்தைக் கொண்டுபோவது அந்த மேல் பாதிதான். ஸ்க்ரீன் கம்பியை ஜன்னலுக்கு இருபுறமும் ஒரு அடி நீட்டிப் பொருத்தினால், ஒதுக்கிய துணி கண்ணாடிமேல் இல்லாமல் சுவர்மேல் நிற்கும். மூன்றாவது, ஜன்னலோரம் நிற்கும் பீரோ. பெயின்ட் அடிக்கும்போது சீலிங்குக்கும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்கும் பளபளப்பில்லாத வெள்ளை அடியுங்கள்.

மேற்கு வெயிலுக்கு ஸ்க்ரீன் சரியான மருந்தல்ல. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு அறையிலேயே தங்கிவிடும். வெளியே, சன்ஷேடில் கொக்கி அடித்து மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள்; காற்றில் அடிக்காமல் கீழ் முனைகளையும் கட்டுங்கள். மதியம் ஒன்றரை வரை சுருட்டி வைத்து, வெயில் ஜன்னலில் இறங்கும்போது முக்கால் பங்கு இறக்கினால் போதும். தெற்கு ஜன்னல் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை கோடையில் இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சி வெயில் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. வாட்டுவது கிழக்கும் மேற்கும்தான்.

இவ்வளவு செய்தாலும் ஜன்னல் வெளிச்சம் வெளி வெளிச்சத்துக்கு ஈடாகாது. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் சுமார் 30 சதவீதம், மற்ற பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது; அது கண்கோளம் அளவுக்குமீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். வீட்டு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் இரண்டு மணி நேரம் வெளியே என்று குறி வையுங்கள். அதில் ஒரு மணி நேரமாவது உங்கள் பொறுப்பு.

காலை ஏழரை மணி இளவெயில் எங்கள் ஜன்னல் வழியாக நன்றாக வருகிறது. கண்ணாடியைச் சாத்தி, குழந்தைகளை அதில் உட்கார வைக்கிறேன். வைட்டமின் டி கிடைத்துவிடும் அல்லவா?
— வாசகி, பாளையங்கோட்டை

கிடைக்காது. இரண்டு காரணங்கள். தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். ஜன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். அடுத்தது, ஏழரை மணிக்குச் சூரியன் தாழ இருப்பதால் கண்ணாடியைத் திறந்து வைத்தாலும் அந்தக் கதிர் மிகக் குறைவு. திருப்பதியில் நடந்த ஆய்வில் வைட்டமின் டி நன்றாக உண்டானது காலை 11 முதல் மதியம் 2 வரை. இளவெயில்தான் நல்லது என்று பாட்டிமார் சொல்வது உடம்புக்கு இதமானதுதான், தூக்கத்துக்கும் நல்லதுதான், எலும்புக்குப் போதாது.

அதற்காகச் சின்னக் குழந்தையை உச்சி வெயிலில் நிறுத்த முடியாது. நிழலைப் பாருங்கள். குழந்தையின் நிழல் குழந்தையின் உயரத்தைவிடக் குட்டையாகத் தொடங்கும் நேரம்தான் வெயிலில் விடத் தொடங்கும் நேரம். சென்னையில் அது மே மாதம் ஒன்பது மணிக்கே வந்துவிடும். டிசம்பரில் பத்தேகால் ஆகும். உங்கள் ஊர் மேற்கே இருப்பதால் சில நிமிடம் முன்பின்னாக இருக்கலாம். அந்த நேரத்தில் கை கால் தெரியும் உடையில், தலைக்குத் தொப்பியோடு 10, 15 நிமிடம் விளையாடவிட்டு நிழலுக்குக் கூட்டிவந்து தண்ணீர் கொடுங்கள். மொட்டை மாடி என்றால் முதலில் உங்கள் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் அன்று மாடி வேண்டாம். கத்திரி வெயில் நாட்களில் ஒன்பதரைக்குள் உள்ளே வந்துவிடுங்கள்.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நேர் வெயில் கூடாது. முதல் ஒரு வருடம் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து என்பதே இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. சொட்டு மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. அம்மா கையெழுத்தில் அளவை எழுதி வாங்கி, அந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரிலேயே அளக்கவேண்டும். 60,000 யூனிட் பாக்கெட் மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுப்பது. அதைத் தினசரி மருந்து என்று நினைத்துக் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிக் குழந்தை ஆபத்துக்குள்ளாகும். வைட்டமின் டி குறைவுக்கு அடையாளமாக மணிக்கட்டு தடித்திருந்தாலும், நடக்கத் தாமதமானாலும், நடக்கும் குழந்தைக்குக் கால் வளைவு அதிகமாகிக்கொண்டே போனாலும் பெற்றோரிடம் உடனே சொல்லுங்கள்.

வெயிலில் விட்டால் கறுத்துவிடுவாள், வெளியே விடாதீர்கள் என்று ஒரு அம்மா கண்டிப்பாகச் சொல்கிறார். என்ன செய்வது?
— வாசகி, மதுரை

கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம்தான். நேர் வெயில் தேவையில்லை. வேப்பமர நிழலோ ஷாமியானா நிழலோ போதும் என்று சொன்னால் பாதி அம்மாக்கள் சமாதானமாகிவிடுவார்கள். நிறத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அந்தக் குழந்தையின் காதில் விழவேண்டாம். கறுத்த தோலுக்கு வைட்டமின் டி உண்டாகக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும்; கறுப்பான குழந்தையை உள்ளேயே வைத்திருப்பது அதற்குத்தான் அதிக நஷ்டம்.

'டேலைட்' என்று போட்ட 6500 கெல்வின் பல்ப் வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா?
— வாசகி, திருச்சி

இல்லை. 6500 என்பது வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்; அளவை அல்ல. மழைக்காலத்தில் 300 லக்ஸ் வரவழைக்க உதவும், அவ்வளவுதான்.

மதியம் தூங்க வைக்க அறையை முழு இருட்டாக்குகிறோம். நன்றாகத் தூங்குகிறார்கள். ஆனால் ராத்திரி 11 மணி வரை தூங்குவதில்லை என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள்.
— வாசகி, கோவை

நேரத்தை மாற்றுங்கள். ஒன்றரை வயதுக்கு மேல் 12.30-க்குப் படுக்க வைத்து 2.30-க்கு எழுப்பிவிடலாம், மூன்று மணியைத் தாண்ட விடாதீர்கள். எழுந்ததும் ஸ்க்ரீன்களைத் திறந்து, நாலு மணிக்குள் வெளியே அழைத்துப் போங்கள். காலையிலும் பத்து மணிக்குள் அரை மணி நேரமாவது வெளியே இருக்கவேண்டும். மூளையின் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ராத்திரித் தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது.

முழு இருட்டு வேண்டவே வேண்டாம். கதவருகே நின்று பார்த்தால் ஒவ்வொரு குழந்தையின் உதட்டு நிறமும் மார்பு ஏறி இறங்குவதும் தெரியவேண்டும். தூளியில் போடும்போது வெளிச்சம் படாமல் மேலே இன்னொரு புடவையைப் போர்த்துவார்கள். உள்ளே சூடு ஏறும், முகமும் தெரியாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தட்டையான, கெட்டியான மெத்தையில் மல்லாந்த படுக்கைதான் பாதுகாப்பு.

பெற்றோரிடமும் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் இருந்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குத் தூக்க ஹார்மோனான மெலடோனின் சுமார் 88 சதவீதம் குறைந்தது. எட்டு மணிக்கு மேல் ஹாலின் பெரிய விளக்கையும் போனையும் அணைத்தால் உங்கள் பகல் உழைப்பு வீணாகாது.

வெளிச்சத்துக்காக ஜன்னலடியில் விளையாட்டு மூலை அமைக்கப்போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?
— வாசகி, தஞ்சாவூர்

கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் பிளைண்ட் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். அந்தக் கயிற்று வளையம் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடும். தட்டிக் கயிற்றை ஜன்னலுக்கு வெளியிலேயே, ஐந்தடிக்கு மேல் கட்டி முடியுங்கள். கிரில் கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஏற உதவும் ஸ்டூல், நாற்காலி, புத்தக அலமாரி எதையும் ஜன்னலடியில் வைக்காதீர்கள். அங்கே பாய் மட்டும் போதும். வெயில் நேரே முகத்தில் விழாமல், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரும்படி அதை விரியுங்கள்.