மலத்தில் ஆர்என்ஏ சோதனை செய்தால் கொலோனோஸ்கோபியைத் தவிர்க்கலாமா?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. எனக்கு 41. கொலோனோஸ்கோபி என்றாலே பயம். மலத்தை அனுப்பிச் செய்யும் ஆர்என்ஏ சோதனை எனக்குப் போதுமா?"

போதாது. உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் உங்களுக்கு வேண்டியது, கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிதான்.

நீங்கள் சொல்லும் சோதனை நல்ல அறிவியல்தான், அதில் சந்தேகமில்லை. குடலின் உள்தோல் சில நாட்களுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்கிறது. உதிர்ந்த செல்கள் மலத்தோடு வெளியேறும். ஒரு செல்லில் எந்தெந்த மரபணுக்கள் இப்போது வேலை செய்கின்றன என்பதை அதிலுள்ள ஆர்என்ஏ என்ற மூலக்கூறு காட்டிவிடும். சிக்கல் என்னவென்றால், ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். போதாததற்கு மலம் முழுக்க பாக்டீரியாவின் ஆர்என்ஏ. அதற்குள்ளிருந்து மனித ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்ததுதான் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பார்னெல் குழுவினர் செய்த அரிய வேலை. அதிலிருந்து வந்த கோலோசென்ஸ் சோதனைக்கு 2024 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது.

சுமார் 8,900 பேரிடம் நடந்த ஆய்வில் இது புற்றுநோய்களில் 94 சதவீதத்தைப் பிடித்தது. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய பெரிய பாலிப்களில், அதாவது குடலின் உட்சுவரில் வளரும் கட்டிகளில், 46 சதவீதத்தைத்தான் பிடித்தது. பாதிக்கு மேல் தப்பிவிட்டது! கொலோனோஸ்கோபியில் பாலிப்பைப் பார்த்தவுடன் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம், நோய் வருவதற்கு முன்பே. அப்புறம், இந்தச் சோதனைக்கு அனுமதி 45 வயது தாண்டிய, சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டுமே. நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபியைத் தொடங்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. உங்களுக்கு ஏற்கெனவே ஓராண்டு தள்ளிப்போய்விட்டது, இனியும் தள்ளாதீர்கள். உங்கள் அண்ணன், தங்கை யாராவது இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான்.

மயக்கம் கொடுத்துச் செய்வதால் பெரும்பாலானவர்களுக்கு வலி தெரியாது. குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் மருந்துதான் தொல்லை. பாதியை முந்தைய மாலையிலும் மீதியைச் சோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் குடிக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். குடலும் நன்றாகச் சுத்தமாகும்.

முடிந்தால் அப்பாவின் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையைத் தேடி எடுங்கள். டிஎன்ஏவில் வரும் பிழைகளைச் செல்கள் சரியாகத் திருத்துகின்றனவா என்று பார்க்கும் எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ என்ற சோதனை அதில் உண்டா, முடிவு என்ன என்று பாருங்கள். அந்தத் திறனில் குறைபாடு இருந்தால், புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும், பரம்பரையாக வரும் லிஞ்ச் சிண்ட்ரோமாக இருக்கலாம். அது உங்களுக்கும் இருப்பது உறுதியானால் ஐந்தாண்டு இடைவெளி ஓரிரு ஆண்டாகக் குறையும். அந்த அறிக்கையோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.