பழைய ஆர்எக்ஸ்-8: என்ன விலை தரலாம்?

கேள்வி: 70,000 மைல் ஓடிய 2006 மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கூப்பே, 2,800 பவுண்டு சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், லண்டன்

பதில்: மைலை விடுங்கள், கம்ப்ரெஷன் (எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது) எவ்வளவு என்று கேளுங்கள். இது ரோட்டரி எஞ்சின்: பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் எனும் முக்கோணத் துண்டுகள் சுற்றும். சாதாரண கேஜ் உதவாது. அதற்கென்றே உள்ள கருவியால், எஞ்சின் சூடாக இருக்கும்போது, இரண்டு ரோட்டர்களின் ஆறு முகங்களையும் அளக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்று (ஆர்பிஎம்) என்ற கணக்கில், ஒரு முகத்திலாவது அழுத்தம் 6.8 பாருக்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரித்து, ரோட்டர் ஓரத்தில் கசிவை அடைக்கும் சீலை மாற்றும் வேலை இருக்கிறது. அந்தச் செலவு பெரும்பாலும் கார் விலையையே தாண்டும். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் 2,500 வரை தரலாம். ரிப்போர்ட்டே இல்லையென்றால் 1,000க்கு மேல் பேசாதீர்கள்.

நன்றாக ஓட்டிச் சூடேற்றி அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இழுத்து இழுத்துப் பிடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். 'புது ஸ்டார்ட்டர் மோட்டார்' என்று பெருமை பேசினாலும் உஷார்: வேகமாகச் சுற்றும் மோட்டார் கம்ப்ரெஷன் குறையை மறைத்துவிடும். ஓடும்போது லேசான திணறல் மட்டும் என்றால் முதலில் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) பாருங்கள், மலிவான வேலை.

ஆயில் குடிப்பது கோளாறல்ல, சீல் தேயாமலிருக்க எஞ்சினே அதை எரிக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் காய்ந்திருந்தால்தான் வம்பு.

லாக்புக்கில் (வண்டியின் பதிவு ஆவணம்) பதிவுத் தேதியையும் பாருங்கள். 2006 மார்ச் 23 முதல் பதிவானவற்றுக்கு, அதற்கு முன் பதிவானவற்றைவிட ஆண்டு வரி 300 பவுண்டுக்கு மேல் கூடுதல்.