மூளை ரத்த ஓட்டத்துக்கு மருந்து: உங்கள் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுமென்று சிட்டிகோலின் எழுதியிருக்கிறார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. தொடரத்தான் வேண்டுமா?

பதில்: இந்த மாத்திரையைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அது ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்தே அல்ல. நரம்பு செல்களைக் காக்கும் என்ற நம்பிக்கையில் தருவது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, சுமார் 2,300 பேருக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே சேர்க்காத வெற்று மருந்து எடுத்தவர்களைவிட அவர்கள் தேறிவிடவில்லை. டாக்டரிடம் கேட்டு நிறுத்தப் பாருங்கள். ஆனால் ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை இவற்றில் கை வைக்காதீர்கள். அடுத்த அடைப்பு வராமல் தடுப்பவை அவைதான்.

கேள்வி: அடைப்பைக் கரைக்கும் ஊசியை இப்போது போட முடியாதா?

பதில்: முடியாது. அல்டிப்ளேஸ் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கிலோவுக்கு 0.9 மி.கி., எவ்வளவு எடை இருந்தாலும் 90 மி.கி.க்கு மேல் கிடையாது. பத்தில் ஒரு பங்கை உடனே ஏற்றிவிட்டு, மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். அதற்கு முன் சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லையென்று தெரிய வேண்டும். பிரஷர் 185/110-க்குக் கீழே வர வேண்டும். நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுக்கப் போன நேரம். சில பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்ஆர்ஐ பார்த்து விதிவிலக்கு தருவார்கள்.

கேள்வி: வாய் கோணியதும் வீட்டிலேயே ஆஸ்பிரினைக் கரைத்துக் கொடுத்துவிடலாமா சார்?

பதில்: வேண்டவே வேண்டாம். அடைப்பா கசிவா என்று உங்களுக்குத் தெரியாது. விழுங்க வராமல் புரையேறினால் அது வேறு வினை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: லேசான பக்கவாதம் என்று ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துத் தந்தார்கள். எத்தனை நாளைக்கு?

பதில்: இரண்டுமே ரத்தம் உறையாமல் தடுப்பவை. பெரும்பாலும் 21 நாள்; அப்புறம் ஒன்று மட்டும். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் இரண்டையும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ரத்தக்கசிவுதான் மிச்சம். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் கணக்கு வேறு. குளோபிடோக்ரலோடு வயிற்றுக்கு ஒமிப்ரசோல் எடுக்கிறீர்களென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அது இதன் வேலையைக் குறைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. தலைசுற்றலுக்கு வருடக்கணக்கில் சின்னரிசின் சாப்பிடுகிறார்.

பதில்: கை நடுங்குகிறதா, நடை சுருங்கிவிட்டதா என்று பாருங்கள். வயதானவர்களுக்கு இது பார்க்கின்சன் மாதிரியே காட்டும். மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். சீட்டோடு அம்மாவையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.