சுத்திகரித்த நீர் ஓடும் வாய்க்கால், பக்கத்தில் கிணறு

கேள்வி: வேலூர் அருகே பாலாற்றையொட்டி எங்கள் நிலம். நகராட்சியின் சிறிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் வரப்போரமாக வாய்க்காலில் ஓடுகிறது. தெளிவாகவே இருக்கிறது. தென்னைக்கும் கீரைக்கும் பாய்ச்சலாமா? சற்றுத் தள்ளியிருக்கும் கிணற்று நீரைக் குடிக்கலாமா?

பதில்: தென்னைக்குப் பாய்ச்சலாம். கீரைக்குக் கூடவே கூடாது. கிணற்று நீரை, ஆய்வு முடிவு கைக்கு வரும்வரை குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல. நிலையத்தில் காற்று ஊதப்படும் 'காற்றுத் தொட்டி'யில் வளரும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று சேறாகத் திரள்கின்றன. அடுத்த தொட்டியில் சேறு படிய, மேலே தெளிந்த நீர் வழிந்து வெளியேறுகிறது. கலங்கல் போய்விடும், கிருமிகள் முழுதாகப் போகா. கடைசியில் குளோரின் ஒழுங்காகச் சேர்த்தால்தான் அவை அடங்கும். குடற்புழு முட்டைகளோ குளோரினுக்கும் எளிதில் மசிவதில்லை. கீரை வேண்டாம் என்பது அதனால்தான். தென்னைக்கும் தெளிக்காமல், பாத்தி கட்டிப் பாய்ச்சுங்கள். செருப்பில்லாமல் இறங்க வேண்டாம்.

கரைந்த உப்பை இந்த நிலையங்கள் தொடுவதே இல்லை. நைட்ரேட்டும், அதை நீக்கத் தனி ஏற்பாடு இல்லாவிட்டால், நீரோடு வந்துவிடும். வற்றாத ஆறாக இருந்தால் ஆற்று நீர் கலந்து எல்லாம் நீர்த்துப்போகும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கிறது. நிலையம் விடுவது அப்படியே மணலில் இறங்குகிறது. பருமணலில் நீர் வேகமாக நகரும் என்பதால் கிணறு 'சற்றுத் தள்ளி' இருப்பதில் பெரிய ஆறுதல் இல்லை.

ஆனால் கிணறு உப்புக் கரித்தால் உடனே நகராட்சியைத் திட்டிவிடாதீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு இந்தப் படுகையைக் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய உப்பா புதிய உப்பா என்பதை அறிய, ஆற்றுப் போக்கில் நிலையத்துக்கு மேலே உள்ள ஒரு கிணற்று நீரையும் சேர்த்துச் சோதியுங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலைக் கழுவாமல் நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் நீர் சுண்டச் சுண்ட நைட்ரேட் செறிவு கூடும். நைட்ரேட் மிகுந்த நீர், கொதிக்க வைத்தாலும் கைக்குழந்தைக்குப் பால் கலக்க ஆகாது.

நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை முதலில் மூக்கே சொல்லும். காற்றுத் தொட்டி பழுப்பாக, ஈர மண் வாசனையோடு இருந்தால் நல்லது. கருத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை: மின்தடையாக இருக்கலாம், மின்கட்டணத்துக்குப் பயந்து ஊதியை (காற்று ஊதும் பொறியை) நிறுத்தியதாகவும் இருக்கலாம். இரண்டாவது, நாம் நினைப்பதைவிட அதிகம்.

சந்தேகம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நகராட்சியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளியேறும் நீரின் ஆய்வறிக்கைகளைக் கேளுங்கள். பி.ஓ.டி. (நீரில் மிஞ்சிய கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ளும், மலக் கோலிஃபார்ம் எனும் மலக் கிருமிகள் 100 மில்லி லிட்டருக்கு 1000க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதி. ஊதிகள் ஓடிய நேரப் பதிவேட்டின் நகலையும் கூடவே கேட்டுவிடுங்கள். அறிக்கை அழகாக இருந்து, இரவெல்லாம் ஊதி நின்றிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.